திரைக்கு இந்தப் பக்கம்

பயணத்துக்கு ஊர் தேடும்போது பலரும் முதலில் கேட்பது, ‘அங்கே பார்க்க என்ன இருக்கிறது?’ என்றுதான். இலங்கையின் தென்கிழக்கே உள்ள கதிர்காமத்தில் அந்தக் கேள்வி எடுபடாது.

முருகன் சன்னதியில் விக்கிரகத்தைப் பார்க்க முடியாது. வள்ளி, தெய்வானையோடு முருகனை எழுதிய திரை ஒன்று தொங்குகிறது. கப்புறாளை என்ற பூசகர் வெள்ளைத் துணியால் வாயைக் கட்டிக்கொண்டு, பக்தர் தந்த பழத்தட்டோடு திரைக்குள் போகிறார். உள்ளே நடப்பது யாருக்கும் தெரியாது. ஆடித் திருவிழாவில் யானைமேல் ஏறி வள்ளி கோயிலுக்குப் போய்வருவதும் மூடிய பேழைதான்.

அப்படியானால், நம்பிக்கை இல்லாத பயணிக்கு இங்கே என்ன வேலை?

நிறைய இருக்கிறது. ஆனால், எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற உரிமைக் குரலை அவர் கோயிலை ஒட்டி ஓடும் மாணிக்க கங்கை ஆற்றுக்கு அக்கரையிலேயே விட்டுவிட வேண்டும். காண முடியாததன் முன்னால் சிங்களவரும் தமிழரும் ஒன்றாகக் கைகூப்புவதைக் காண்பதே பெரிய அனுபவம். யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதி முருகன் கோயிலிலிருந்து பக்தர்கள் கிழக்குக் கரை வழியாக, குமண, யால காடுகளைக் கடந்து வாரக்கணக்கில் நடந்து வருகிறார்கள். வழியூர் மக்கள் அவர்களுக்குச் சோறு போடுகிறார்கள். இத்தனையும் ஒரு திரையின் முன் நிற்பதற்காக!

கோயிலருகே பள்ளிவாசலும், சற்றுத் தள்ளி கிரி வெஹெர என்ற பௌத்த தாதுகோபமும் உண்டு. ஒரே நாள்தான் கையில் இருக்கிறது என்பவர், வேறு இரண்டு ஊர்களைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு, மாலைப் பூசைவரை இங்கேயே தங்கலாம்.