கிரகணம்: அஞ்ச வேண்டியது யாருக்கு?

ஹிஜ்ரி 10ஆம் ஆண்டு. மதீனமா நகரம் துயரத்தில் ஆழ்ந்திருந்தது. அன்னை மாரியத்துல் கிப்திய்யா (ரலி) அவர்கள் ஈன்ற செல்வ மகன் இப்ராஹீம், இரண்டு வயதுகூட நிரம்பாத நிலையில் கண் மூடினார். பெருமானார் (ஸல்) அவர்களின் திருக்கண்கள் நீர் சொரிந்தன. அதே நாளில் சூரியனில் கிரகணம் பிடித்தது. பகல் வெளிச்சம் மங்கிற்று. நபியின் மகன் மறைந்த துக்கத்தால்தான் சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள்.

அன்பர்களே! இந்த இடத்தில் சற்று நின்று சிந்திப்போம். அந்தப் பேச்சை யாரும் தீய எண்ணத்தோடு பேசவில்லை. அன்பினால் பேசினார்கள். பெருமானார் அவர்கள் ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தாலே போதும், அது ஒரு பெரும் புகழ் மொழியாக நிலைத்திருக்கும். ஆனால் பிள்ளையைப் பறிகொடுத்த அந்தத் துயர வேளையிலும் அதை அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் உள்ளவை. எவருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றைக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அங்கேயே தெளிவுபடுத்திவிட்டார்கள்.

நபியின் திருமகனுக்காகவே இருளாத சூரியன், நம் வீட்டுப் பிள்ளைத்தாய்ச்சி அரிவாள்மனையில் காய் நறுக்கியதற்காகவா கோபங்கொள்ளப் போகிறது? ஆயினும் நம் வீடுகளில் நடப்பதென்ன? கிரகணம் என்று கேட்டதும் கர்ப்பிணியை இருட்டறையில் அடைக்கிறோம். தண்ணீர்கூடக் கொடுக்க மறுக்கிறோம். உதடு பிளந்த குழந்தை பிறந்துவிட்டாலோ, 'கிரகணத்தன்று கத்தியைத் தொட்டாயே' என்று பெற்றவளையே குற்றவாளியாக்குகிறோம். மேலுதடு ஒன்றுசேர்வது கருவுற்ற முதல் சில வாரங்களிலேயே நடந்து முடிந்துவிடுகிறது என்பது மருத்துவம் கண்ட உண்மை. அந்தக் குறையை இன்று அறுவைச் சிகிச்சையால் சீர்படுத்துகிறார்கள். ஆனால் ஒரு தாயின் நெஞ்சில் ஆயுளுக்கும் ஏற்றி வைத்த பழியை எந்தச் சிகிச்சை நீக்கும்? அந்தப் பழிக்கு மறுமையில் பதில் சொல்ல வேண்டியவர்கள் யார்?

அப்படியானால் கிரகணம் எப்படி நிகழ்கிறது? ஸூரத்துர் ரஹ்மானின் தொடக்கத்திலேயே, சூரியனும் சந்திரனும் ஒரு கணக்கின்படி இயங்குவதை அல்லாஹுத்தஆலா நமக்கு நினைவூட்டுகிறான். அந்தக் கணக்கைச் சிறிது பார்ப்போம்.

ஓடும் பஸ் திடீரென நின்றால் நம் உடல் முன்னே சாய்கிறது. காரணம், நகரும் பொருள் எதுவும் தடுப்பாரில்லாமல் தானாக நிற்பதில்லை; நேர்கோட்டில் போய்க்கொண்டே இருக்கும். கயிற்றில் கல்லைக் கட்டிச் சுழற்றும் சிறுவன் கயிற்றை விட்டுவிட்டால், கல் வட்டமிடாமல் நேராகப் பாய்கிறது. அதை வட்டத்தில் வைத்திருந்தது கயிற்றின் இழுப்பே. சந்திரனும் அப்படித்தான். நொடிக்கு ஏறத்தாழ 1 கிலோமீட்டர் வேகத்தில் அது விரைகிறது. பூமியின் ஈர்ப்பு இல்லையேல் நேராகப் போய் நம்மை விட்டு மறைந்திருக்கும். ஈர்ப்பு அதைக் கணந்தோறும் வளைக்கிறது.

எவ்வளவு வளைக்கிறது? தென்னையிலிருந்து காம்பற்று விழும் தேங்காய் முதல் நொடியில் ஏறத்தாழ 4.9 மீட்டர் இறங்குகிறது. பூமியின் மையத்திலிருந்து அந்தத் தேங்காய் இருக்கும் தொலைவைப் போல் 60 மடங்கு தொலைவில் சந்திரன் இருக்கிறது. ஆகவே அங்கே இழுப்பு 60ஐ 60ஆல் பெருக்கிய அளவுக்கு, அதாவது 3600 மடங்கு குறைந்துவிடுகிறது. சந்திரன் நேர்கோட்டிலிருந்து ஒரு நொடிக்கு விலகுவது சுமார் 1.4 மில்லிமீட்டர், ஏறத்தாழ ஓர் அரிசியின் கனம்! தேங்காயை வீழ்த்தும் அதே சக்திதான் சந்திரனையும் வளைக்கிறது என்பதை ஐசக் நியூட்டன் 1687இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். மண்ணுக்கு ஒரு சட்டம், விண்ணுக்கு ஒரு சட்டம் என்று இல்லை. சட்டம் ஒன்றாயிருப்பது, அதை வகுத்தவன் ஒருவன் என்று நம் உள்ளத்துக்கு உணர்த்தவில்லையா?

இவ்வாறு பூமியைச் சுற்றிவரும் சந்திரன், மாதக் கடைசியில் சூரியன் இருக்கும் பக்கமாக வருகிறது. அப்போது மூன்றும் நேர்கோட்டில் அமைந்தால் சந்திரனின் நிழல் பூமியில் விழும். அதுவே சூரிய கிரகணம். சந்திரனின் பாதை சுமார் 5 பாகை சாய்ந்திருப்பதால் இது மாதந்தோறும் நிகழ்வதில்லை. பதினான்காம் இரவை ஒட்டிப் பூமியின் நிழல் சந்திரனில் விழுந்தால் அது சந்திர கிரகணம்.

இந்தக் கணக்கை நம் முன்னோர்கள் மறுக்கவில்லை. இப்ராஹீமின் மறைவு மாதத்தின் 10ஆம் நாள் என்று ஒரு வரலாற்று அறிவிப்பு உண்டு. சூரிய கிரகணம் மாதக் கடைசியில்தான் நிகழும், ஆகவே அது பிழை என்று இமாம் இப்னு தைமிய்யா எடுத்துக்காட்டினார். பிற்காலத்தில் எகிப்து நாட்டு வானியல் அறிஞர் மஹ்மூத் பாஷா அல்ஃபலகீ, அந்தக் கிரகணம் கி.பி. 632 ஜனவரி 27, ஷவ்வால் பிறை 29 அன்று நிகழ்ந்தது என்று கணக்கிட்டார். கிரகணக் கணக்கை மார்க்கத்தின் பெயரால் மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறான் என்பது ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி அவர்களின் கருத்து.

இங்கே நம் கல்லூரிப் பிள்ளைகள் ஒரு கேள்வி கேட்பார்கள்: "எல்லாம் கணக்குப்படி என்றால், கிரகணத் தொழுகை எதற்கு?" நல்ல கேள்விதான். அவர்களிடம் நாம் ஒன்று கேட்போம். இன்று சூரியன் மறையும் நிமிடம் பள்ளிவாசல் சுவரில் அட்டவணையாகத் தொங்குகிறது. அதனால் மஃரிபு தொழுகை வேண்டாம் என்று யாராவது சொல்வோமா? கணக்கு நேரத்தைச் சொல்கிறது. அந்த நேரத்தில் அடிமை எங்கே நிற்க வேண்டும் என்பதைச் சொல்வது மார்க்கம். கணக்கைக் கற்றவன் சூரியனுக்கு அஞ்ச மாட்டான். அந்தக் கணக்கை இட்டவனுக்கு அஞ்சுவான். பெருமானார் அவர்கள் மேலாடை தரையில் இழுபட விரைந்து சென்று தொழுதது அந்த அச்சத்தினால்தான்.

ஆகவே கிரகணத்தன்று செய்ய வேண்டியவற்றை அறிந்துகொள்வோம். பாங்கு, இகாமத் இன்றி 2 ரக்அத் தொழ வேண்டும். ஷாஃபியீ மத்ஹபில் ஒவ்வொரு ரக்அத்திலும் இரண்டு ருகூவுகள். ஹனஃபீ மத்ஹபில் மற்றத் தொழுகைகளைப் போன்றே ஒரு ருகூவு. திக்ரு, துஆ, தௌபா, ஸதகா ஆகியவற்றைப் பெருக்க வேண்டும். அன்னை ஆயிஷா (ரலி), அஸ்மா (ரலி) ஆகியோர் அன்று தொழுகையில் நின்றார்கள். எனவே நம் பெண்மக்களை இருட்டறையில் பூட்டாமல் தொழுகை விரிப்புக்கு அழைப்போம். பசித்த கர்ப்பிணிக்கு உணவளிப்போம். சூரியனை மட்டும் வெறுங்கண்ணால் பார்க்க வேண்டாம்; அது ஆண், பெண், குழந்தை யாராயினும் பார்வையைக் கெடுத்துவிடும்.

2027 ஆகஸ்ட் 2 அன்று முழுச் சூரிய கிரகணத்தின் பாதை புனித மக்கமா நகரின் மீதே செல்கிறது. அங்கே சுமார் 5 நிமிடம் சூரியன் முற்றிலும் மறைந்திருக்கும் என்று கணக்கிட்டுள்ளார்கள். 2031 மே 21 அன்று தென் தமிழகத்தில் வளையக் கிரகணம் தோன்றும். நாள் தெரிந்துவிட்டது. அன்று நம்மில் யார் உயிரோடு இருப்போம் என்பது மட்டும் எந்தக் கணக்கிலும் இல்லை. அதை அறிந்தவனிடமே அச்சத்தையும் ஆதரவையும் வைப்போமாக. வல்ல அல்லாஹ் நம் இல்லங்களை மூடநம்பிக்கையின் இருளிலிருந்து காத்தருள்வானாக! ஆமீன்.