ஓரிரு இடங்களில்

‘வெப்பச்சலனம் காரணமாக ஓரிரு இடங்களில் இடி, மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு.’ ஏப்ரல், மே மாதங்களில் இந்த வரியைக் கேட்காமல் ஒரு வாரம் போகாது. கேட்டுவிட்டு, மாடியில் காயும் துணியை எடுப்பதா வேண்டாமா என்று யோசிப்போம், அவ்வளவுதான். எனக்கு அந்த ‘ஓரிரு இடங்கள்’ என்ற சொல்லில்தான் கண் நிற்கிறது. அங்கே யார் இருக்கிறார்கள்?

முதலில் மேகத்தைப் பார்த்துவிடலாம். காலையிலிருந்து வெயிலில் காய்ந்த தரை தன் மேலுள்ள காற்றைச் சூடாக்குகிறது. சூடான காற்று லேசாகி மேலேறும். அதில் கடல் ஈரமும் கலந்திருந்தால், உயரத்தில் குளிர்ந்து நீர்த்துளிகளாகும். சூட்சுமம் இங்கேதான். நீராவி துளியாகும்போது வெப்பத்தை வெளியே விடுகிறது. அந்த வெப்பம் காற்றை இன்னும் மேலே தள்ளுகிறது. மதியம் பஞ்சுப்பொதி மாதிரி இருந்தது, சாயங்காலம் நாலு மணிக்கு 12, 15 கிலோமீட்டர் உயரத்துக்குக் கருங்கோபுரமாக நிற்கும். உள்ளே பனித்துகள்களும் ஆலங்கட்டிக் குருணைகளும் ஒன்றோடொன்று மோதி, லேசானவை நேர்மின்னூட்டத்தோடு மேலே போக, கனத்தவை எதிர்மின்னூட்டத்தோடு கீழே தங்கும். அந்த இடைவெளி தாங்க முடியாத அளவுக்குப் போகும்போது மின்னல்.

1946, 47இல் அமெரிக்காவில் ஃப்ளோரிடாவிலும் ஒஹாயோவிலும் போர் விமானங்களை வேண்டுமென்றே இடிமேகங்களுக்குள் ஓட்டிப்போய் இதையெல்லாம் அளந்தார்கள். கொஞ்சம் பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அதிலிருந்துதான் ஒரு மேகத்துக்கும் வளர்ச்சி, முதிர்ச்சி, தேய்வு என்று மூன்று பருவங்கள் உண்டு என்பது தெளிவானது. மழையோடு சேர்ந்து இறங்கும் குளிர்காற்று, மேலேறும் சூடான காற்றின் வழியை அடைத்துவிடும். தான் பெய்த மழையாலேயே மேகம் சாகிறது. தனி மேகமாக இருந்தால் பிறந்து சாக ஒரு மணி நேரம் போதும்.

இந்த ஒரு மணி நேரத்தைத்தான் நாம் விதி என்கிறோம்.

‘உன் தலையில இடி விழ’ என்று சாபம் விடுகிற மொழி நம்முடையது. அந்தச் சாபத்துக்குள் ஒரு கற்பனை இருக்கிறது: மேலே ஒருவன் குறிபார்க்கிறான், ஒரு தலையைத் தேர்ந்தெடுக்கிறான். உண்மையில் மின்னல் நேரடியாகத் தலையில் விழுந்து செத்தவர்கள் குறைவு. பெரும்பாலும் பக்கத்து மரத்தில் விழுந்தது தாவிவருகிறது, இல்லையென்றால் ஈரத்தரை வழியாகப் பாய்ந்து கால் வழியே ஏறுகிறது. ஷெனண்டோவா தேசியப் பூங்காவில் வேலை பார்த்த ராய் சல்லிவனை 1942க்கும் 1977க்கும் இடையில் ஏழு முறை மின்னல் தாக்கியது. நம்ம ஊராக இருந்தால் ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு ஓடியிருப்போம். அவர் மலைக்காட்டில் வெட்டவெளியில் வேலை செய்த காவலர். ஜாதகத்தில் தேடுவதற்கு முன்னால் அவருடைய வேலையைப் பார்த்திருக்கலாம்.

அதே அமெரிக்காவில் 1940களில் மின்னலுக்கு ஆண்டுக்கு 300 பேர் அளவில் செத்தார்கள். இப்போது 30ஐத் தாண்டுவதே அபூர்வம். வானம் சாதுவாகிவிடவில்லை. வயலில் நின்றவர்கள் குறைந்தார்கள், வீடுகள் மாறின, எச்சரிக்கைகள் வந்தன. இந்தியாவில் இன்றும் ஆண்டுக்கு 2,000 பேருக்கு மேல் சாகிறார்கள். தேசியக் குற்றப் பதிவேடுகள் அமைப்பு அவர்களை ‘இயற்கைச் சக்திகள்’ என்ற தலைப்பின் கீழ் எண்ணி வைக்கிறது. அந்தத் தலைப்பு பாதிதான் உண்மை. மின்னல் இயற்கை, சரி. நாலு மணிக்கு அந்த வயலில் அவர் நின்றது?

ஜூடித் ஷ்க்லார் 1990இல் வந்த தன் புத்தகத்தில் இதைத்தான் நோண்டினார்: எதைத் துரதிர்ஷ்டம் என்கிறோம், எதை அநீதி என்கிறோம், அந்தக் கோட்டை யார் போடுகிறார்கள்? எனக்கு இதில் இன்னொன்றும் தோன்றுகிறது. விதி என்ற சொல்லை யார் வாய் சொல்கிறது என்பது முக்கியம். பிள்ளையைப் பறிகொடுத்த அம்மா ‘எல்லாம் அவன் விதி’ என்றால் அது அவள் பிடித்துக்கொண்டு நடக்கிற கைத்தடி. அதைப் பிடுங்க எந்த அறிவியலுக்கும் உரிமை கிடையாது. வேலைக்கு அழைத்தவர் அதையே சொன்னால் அது வேறு சொல்.

ஏனென்றால் இப்போது நமக்குத் தெரியும். புனேயிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் இருந்தால் செல்போனிலேயே சொல்லிவிடுகிறது. செல்போன்கூட வேண்டாம். மின்னல் வெட்டியதிலிருந்து இடி கேட்கும் வரை முப்பது எண்ணி முடியவில்லையா? மேகம் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. உள்ளே போங்க, கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் வெளியே வராதீங்க. அவ்வளவு எளிமையான கணக்கு.

சரி, எங்கே போவது? கடலைக் காட்டில் களை எடுக்கிற பெண்ணுக்குக் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இருப்பது ஒரு புளியமரமும் மோட்டார் கொட்டகையும். மரத்தடி, திறந்தவெளியைவிட மோசம். கொட்டகையை மேஸ்திரி திறக்க வேண்டும். அவள் செல்போன் வரப்பில், சாப்பாட்டுத் தூக்கோடு பைக்குள் கிடக்கிறது. முதல் இடிக்கே எழுந்து போனால் ‘இதுக்கே ஓடுறியா’ என்ற பேச்சு. அந்த ஒரு மணி நேரத்துக்குக் கூலி உண்டா இல்லையா என்று யாரும் வாய்திறந்து சொன்னதில்லை. 2005ஆம் ஆண்டின் நூறு நாள் வேலைச் சட்டமாவது வேலையிடத்தில் குடிநீர், முதலுதவிப் பெட்டி, நிழல் வேண்டும் என்று எழுதியது. நிழல் என்பது நடைமுறையில் நாலு கம்பும் ஒரு தார்ப்பாயும். வெயிலுக்கு அது போதும்.