மரமும் மக்களும்

யாழ்ப்பாணத்தில் ஓய்வுநேரத்தில் தச்சுவேலை பழகிய ஒருவர் கனடாவிலே ரொறன்ரோவில் குடியேறினால், உளியும் சீவுளியும் கைப்பழக்கமும் அவரோடு போகும். ஆனால் மரத்தின் குணம் அங்கே வேறாகத் தோன்றும். பனிக்காலத்தில் சூடேற்றிய வீட்டின் காற்று வறண்டது. பலகை அகலத்தில் சுருங்கும். ஆகவே வாங்கிய பலகையைச் சில வாரம் வீட்டினுள் அடுக்கி வைத்த பின்பே அறுப்பார்கள். கதவின் நடுப்பலகையைச் சட்டத்தோடு பசையிட்டு ஒட்டமாட்டார்கள். தவாளிப்பினுள் சற்று இடம்விட்டுப் பொருத்துவார்கள். ஒட்டினால் வெடிக்கும், சட்டமே இல்லையெனில் கோணும்.

புதுநாட்டில் நம் பிள்ளைகளை ஊர் வழக்கத்தோடு இறுக்கி ஒட்டுவது முறையா? அல்லது கட்டின்றி விட்டுவிடுவதா? இரண்டுமே தவறு. தாய்மொழியும் நேர்மையும் சட்டமாக நிற்கட்டும். உடை, உணவு, நட்பு, தொழில் ஆகியவற்றில் அசைய இடம் கொடுங்கள். பலகைக்குக் காட்டும் பொறுமையைப் பிள்ளைக்கும் காட்டுவது பெற்றோர் கடமையாகும்.