கோணல் வீட்டைக் கோணலாகவே கட்டலாமா?

இங்கிலாந்தின் நடுவில் 'பிளாக் கன்ட்ரி' என்றொரு வட்டாரம். நிலக்கரியும் இரும்பும்தான் ஒரு காலத்தில் அதன் பிழைப்பாக இருந்தது. அங்கே ஹிம்லி என்ற ஊர்ப்பக்கம் ஒரு பப் இருந்தது. 1765-இல் பண்ணை வீடாகக் கட்டியது, 1830 வாக்கில் பப் ஆனது. அடியில் நிலக்கரி தோண்டத் தோண்ட, கட்டிடத்தின் ஒரு பக்கம் சுமார் 4 அடி இறங்கிவிட்டது. உள்ளே கோலிகுண்டை உருட்டிவிட்டால் மேடேறிப் போவது போலத் தெரியும். குடிக்காமலேயே தலை சுற்றும்.

பலகையில் இருந்த பெயர் 'கிளின் ஆர்ம்ஸ்'. கிளின் என்பது அந்த நிலத்துக்கும் சுரங்கத்துக்கும் சொந்தக்காரக் குடும்பம். வீட்டைச் சாய்த்தவர் பெயரே வீட்டு நெற்றியில்! ஜனங்கள் வட்டார வழக்கில் 'சைடன் ஹவுஸ்' என்றார்கள். கோணல் வீடு. கடைசியில் அந்த அர்த்தம்தான் நிலைத்தது: 'குரூக்கட் ஹவுஸ்'. 1940-களில் இடிக்கச் சொன்னபோதும் ஒரு பீர் கம்பெனி முட்டுக்கொடுத்துக் காப்பாற்றியது.

2023 ஜூலையில் கைமாறியது. ஆகஸ்ட் 5 இரவு தீப்பிடித்தது. 7-ஆம் தேதி தரைமட்டம். முழுசாக இடிக்க நாங்கள் சொல்லவில்லை என்றது உள்ளூர் கவுன்சில். 2024 பிப்ரவரியில் உத்தரவு போட்டது: தீக்கு முன்னால் இருந்தபடியே திரும்பக் கட்டு.

இருந்தபடியே என்றால்? கோணலாகவா? அந்தச் சாய்வை யாரும் வரைந்து கட்டவில்லை. கீழே ஆட்கள் குனிந்து வெட்டியதன் மிச்சம் அது. அதையே இப்போது கம்ப்யூட்டரில் அளந்து வேண்டுமென்றே சாய்த்தால், தழும்பைப் பச்சை குத்திக்கொள்வது மாதிரிதான். வருவது பழைய வீடு இல்லை.

ஆனாலும் கட்டத்தான் வேண்டும் என்பேன். 2015-இல் லண்டனில் 'கார்ல்டன் டேவர்ன்' பப்பை அனுமதியில்லாமல் இடித்தார்கள். திரும்பக் கட்ட வைத்தார்கள், 2021-இல் திறந்தது. அதுவும் பழையது இல்லைதான். ஆனால் 'போனது போச்சு, வேறு கட்டிக்கலாம்' என்ற கணக்கு அங்கே செல்லுபடியாகவில்லை. "நிஜமானதைத் திரும்பக் கொண்டுவர முடியாதே" என்ற தத்துவம் யாருக்கு லாபம் என்று பாருங்கள். இடித்தவருக்குத்தான். அசலை அழித்துவிட்டு, நகலுக்கு மதிப்பில்லை என்று வாதாட அவருக்கு உரிமை கிடையாது.

ஒன்று மட்டும் எனக்கு உறுத்துகிறது. முதல் சாய்வுக்குச் சுரங்க முதலாளியிடம் யாரும் இப்படி உத்தரவு நீட்டியதில்லை. அவர் பெயரைப் பலகையில் எழுதினார்கள்.