விருந்தும் ஒக்கலும்: வரவேற்பின் அறம் பற்றிய ஒரு நோக்கு

'விருந்து' என்னும் சொல்லின் முதற்பொருள் புதுமை என்பதாகும். அப்பொருளே விரிந்து புதியராய் வந்தாரைக் குறிக்கலாயிற்று. இன்று அச்சொல் பெரும்பாலும் உணவையே நினைவூட்டினும், பண்டைத் தமிழர் அதனால் முதன்மையாகச் சுட்டியது முன்பின் அறியப்படாத மனிதரையே என்பது மனங்கொள்ளத்தக்கது. அறிந்தவரைப் பேணுதல் அன்பின் இயல்பு. அறியாதவரைப் பேணுதற்கு அன்பு மட்டும் போதாது, அறமும் வேண்டும். இதனாற்போலும் திருக்குறள் விருந்தோம்பலைத் தனி ஓர் அதிகாரமாக வகுத்து இல்லறக் கடமைகளுள் வைத்தது.

இவ்விடத்து ஒரு வினா எழுகின்றது. வந்தவர் அறியாதவராக மட்டுமன்றி, வரவேற்போர் ஒப்புக்கொள்ளாத வாழ்க்கை முறையை உடையவராகவும் இருப்பின், அக்கடமை நிலைபெறுமா, நீங்குமா? தன்பாலீர்ப்புடைய பயணிகள், அதாவது இணையராக வரும் இரு ஆண்கள் அல்லது இரு பெண்கள், யாழ்ப்பாணத்தில் எத்தகைய வரவேற்பைப் பெறுதல் தகும் என்பது அவ்வினாவின் இன்றைய வடிவமாகும்.

இது வெறுங் கற்பனையான வினாவன்று. 2009இல் போர் முடிவுற்று ஏ-9 வீதி திறக்கப்பட்டதும், 2014 ஒக்ரோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்ததும், 2019 ஒக்ரோபரில் பலாலியில் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டதும் குடாநாட்டைப் பயணிகளின் நிலமாக்கின. நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஹோட்டல்களும் விருந்தினர் விடுதிகளும் நிரம்புகின்றன. உறவினர் வீடுகளும் நிரம்புகின்றன. 2025 செப்டெம்பரில், தன்பாலீர்ப்புடைய பயணிகளை நாட்டுக்கு வரவேற்கும் நோக்குடன் 'ஈக்குவல் கிரவுண்ட்' அமைப்பு முன்வைத்த திட்டத்துக்கு இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை கடிதம் மூலம் ஆதரவு தெரிவித்தது. கர்தினால் மல்கம் ரஞ்சித் உள்ளிட்ட சமயத் தலைவர்கள் அதனைக் கண்டித்தனர். ஒரு சாரார் அந்நியச் செலாவணியைப் பேசினர். மறுசாரார் பண்பாட்டைப் பேசினர். வருபவர் மனிதர் என்ற அளவில் அவருக்கு உரியது யாது என்னும் வினா இவ்விரு சாராரிடையே போதிய இடம் பெறவில்லை.

சட்டத்தின் நிலையை முதலில் நோக்குதல் தகும். 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையிலுள்ள 365, 365அ ஆகிய பிரிவுகளே இங்கு தன்பால் உறவைக் குற்றமாக்கியவை. ஆண்களுக்கு மட்டும் உரியதாயிருந்த பின்னைய பிரிவு, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் பெண்களையும் உள்ளடக்கலாயிற்று. இவை தமிழர் நூல்களிலிருந்தோ சிங்களவர் வழக்கிலிருந்தோ பிறந்தவையல்ல. ஆங்கிலேயர் ஆட்சி தந்தவை. தந்தவர்களோ இங்கிலாந்திலும் வேல்சிலும் 1967இல் வயதுவந்த இருவரின் தனிப்பட்ட உறவைக் குற்றப்பட்டியலிலிருந்து நீக்கினர். பெற்றவர்கள் அதனைத் தம் மரபெனப் பேணினர். 2016இல் ஒரு வழக்கில், இணங்கிய வயதுவந்தோர் விடயத்தில் சிறையிடுதல் பொருந்தாது எனக் கருதிய இலங்கை உயர் நீதிமன்றம் தண்டனையை ஒத்திவைத்தது. 2023 மே மாதத்தில், அப்பிரிவுகளைத் திருத்த முன்வைக்கப்பட்ட தனியார் உறுப்பினர் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணானதன்று என அந்நீதிமன்றமே தீர்மானித்தது. ஆயினும் அத்திருத்தம் நிறைவேறாமலே 2024 செப்டெம்பரில் அப்பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. ஆகவே வரவேற்புக் கடிதம் எழுதப்பட்ட காலத்தில், வரவேற்கப்படுபவரைக் குற்றவாளி எனக் கருதும் சட்டமும் உடன் நின்றது. ஒரு கை அழைக்க மறு கை தடுக்கும் இந்நிலையைச் சட்டமுரண் என்பதினும் அறமுரண் என்பதே பொருந்தும்.

வரவேற்பு என்பதன் இயல்பை ஆராய்வார்க்கு யாழ்ப்பாணத்திலேயே ஓர் அரிய சான்று உண்டு. பருத்தித்துறையிலுள்ள தெருமூடிமடம் வீதியின் ஓரத்தில் அமைந்ததன்று. வீதிக்கு மேலேயே கூரை அமைய, இருமருங்கும் திண்ணைகளுடன் நிற்பது. அவ்வழி செல்வோர் அனைவரும் அம்மடத்தினூடாகவே செல்வர். அதற்குக் கதவில்லை, கதவில்லாமையால் வாயில் காப்போனும் இல்லை, அதனால் 'நீர் யார்?' என்ற வினாவும் அங்கு முதலில் எழுவதில்லை. வெயிலில் வந்தவர்க்கு நிழல் என்பதே அதன் ஒரே விதி. அன்னதானக் கந்தன் எனப்படும் தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியின் மடங்களிலும் பசியே தகுதியாகக் கொள்ளப்படுகின்றது.

மேலைத்தேய மெய்யியலாரும் இப்பொருளை ஆராய்ந்துள்ளனர். இம்மானுவேல் கான்ற் 1795இல் வெளியிட்ட நிரந்தர அமைதி பற்றிய நூலில், பிறநாட்டார் ஒருவர் வந்தடைந்த இடத்தில் பகைவராக நடத்தப்படாதிருத்தல் அவரது உரிமை என்றார். அது ஈகையன்று, உரிமை என்பதை அவர் வலியுறுத்தினார். ஆயின் அவர் அதனை வந்துசெல்லும் உரிமையாக வரையறுத்தாரே யன்றி, விருந்தினராகத் தங்கும் உரிமையாக விரிக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் யாக் டெரிடா, பெயரும் ஊரும் கேட்காமல் ஏற்பதே தூய விருந்தோம்பல் என்றும், எந்த வீடும் எந்த நாடும் அதனை முழுமையாக நிறைவேற்ற இயலாதென்றும் விளக்கினார். தெருமூடிமடம் டெரிடா கூறிய எல்லையை அணுகுவது. இன்றைய விடுதியோ அடையாள அட்டையும் கடவுச்சீட்டும் கேட்பது. எனினும் பெயரைக் கேட்பது வேறு, இயல்பைக் கேட்பது வேறு. முன்னையது நிருவாகம், பின்னையது தீர்ப்பு.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. வரவேற்பவருக்கும் மனச்சாட்சி உண்டன்றோ என்பதே அது. இங்கிலாந்தின் கோர்ண்வோல் பகுதியில் ஒரு சிறு விடுதியை நடத்திய கிறிஸ்தவத் தம்பதியர், 2008இல் வந்த இரு ஆண்களுக்கு இரட்டைக் கட்டில் அறையைத் தர மறுத்தனர். திருமணமானோர்க்கே அவ்வறை என்பது அவர்தம் விதி. வந்தவர்கள் சட்டப்படி பதிவுசெய்த இணையர். விடுதி அவர்களது வீடாகவும் இருந்தது. வழக்கு உயர்ந்த நீதிமன்றம்வரை சென்றது. 2013 நவம்பர் 27ஆம் திகதி ஐந்து நீதியரசரும் வந்தவர்கள் பக்கமே தீர்ப்பளித்தனர். அத்தம்பதியரின் நம்பிக்கை போலியானதென நீதிமன்றம் கூறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. நம்பிக்கை உண்மையானதாயினும், பொதுமக்களுக்கு அறை விற்கப் புகுந்தவர் அந்நம்பிக்கையை விற்பனையின் நிபந்தனையாக்க இயலாது என்பதே தீர்ப்பின் சாரம். தம் உள்ளத்தில் ஒருவர் எதனையும் நம்பலாம். பெயர்ப்பலகை தொங்கவிட்ட வாயிலில் அந்நம்பிக்கையைப் பூட்டாக மாட்டலாகாது.

இந்த உண்மையை யாழ்ப்பாணம் இங்கிலாந்திடம் கற்க வேண்டியதில்லை. தன் வரலாற்றிலேயே அதனைக் கற்றிருக்கின்றது. ஒடுக்கப்பட்ட மக்களைத் தேநீர்க் கடைக்குள் அமரவிடாது, வெளியே போத்தலிலும் தகரப்பேணியிலும் தேநீர் கொடுத்த காலம் நெடுந்தொலைவில் இல்லை. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் வந்தது. ஆயினும் கதவுகள் சட்டத்தால் மட்டும் திறக்கவில்லை. 1966 ஒக்ரோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி நடந்த ஊர்வலமும், 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாயிலில் நடந்த போராட்டமும் அவற்றைத் திறக்க வேண்டியிருந்தன. அன்று கதவடைத்தோரும் 'பண்பாடு' என்ற சொல்லையே பயன்படுத்தினர். கடை தமது, கோயில் தமது என்றனர். விருந்தோம்பலால் பெயர்பெற்ற ஒரு சமூகம், தன் அயலவருக்கு ஒரு கிண்ணத்தை மறுத்தது. விருந்தோம்பல் பற்றிய பெருமை அதன் நடைமுறைக்குச் சான்றாகாது என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா.

இரு நிலைகளும் முற்றும் ஒன்றல்ல. சிறிய ஊரில் ஒருவரின் சாதி ஊரறிந்தது, தன்பாலீர்ப்போ மறைக்கத்தக்கது. உண்மையில் இரு ஆண்கள் ஓர் அறை கேட்டால் யாழ்ப்பாணத்து விடுதி எதிலும் பெரும்பாலும் ஐயம் எழுவதில்லை. நண்பர் என்றோ, சகோதரர் என்றோ, ஒன்றாய்த் தொழில் செய்வோர் என்றோ கொள்ளப்படுவர். திருமணச் சான்று இல்லாத ஓர் ஆணும் பெண்ணும் சந்திக்கும் தடையை அவர்கள் சந்திப்பதில்லை. இதனைக் கொண்டு, 'மறைவாக இருப்பின் இடர் இல்லை, வெளிப்படுத்துவானேன்?' என்று கேட்போர் உளர்.

இக்கூற்று இரக்கம் போலத் தோன்றினும் ஆய்ந்து நோக்குமிடத்து வேறாகின்றது. நண்பர் என்று எண்ணி அளிக்கப்படும் அறை நண்பருக்கே அளிக்கப்பட்டது, வந்தவருக்கு அளிக்கப்பட்டதன்று. மேசையில் எதிரெதிரே அமரும் முறை, ஒருவரை ஒருவர் அழைக்கும் பெயர், அறையைத் துப்புரவு செய்ய வருபவர் காணும் கட்டில், இவையனைத்தையும் அவர்கள் இரவும் பகலும் காத்துக்கொள்ள வேண்டும். ஓய்வுக்காக வந்த இடத்தில் ஒரு கணமும் ஓயாத காவல் அது. மோந்து பார்க்க வாடும் அனிச்சத்தையும், முகம் வேறுபட்டு நோக்க வாடும் விருந்தினரையும் ஒருங்கே வைத்து வள்ளுவர் காட்டினார். உணவும் படுக்கையும் குறைவின்றி இருந்தும் விருந்து சிதையலாம் என்பது அவர் கண்ட உண்மை. முகம் மாறிவிடுமோ என்ற அச்சத்திலேயே தங்கிச் செல்பவர், முகம் மாறுவதற்கு முன்பே வாடிவிடுகின்றார்.

இதுவரை கூறியவற்றால் வந்த விருந்தினரை அவராகவே ஏற்றல் கடன் என்பது பெறப்படும். ஆயினும் வினா இத்துடன் முடிவதில்லை. தன்பாலீர்ப்புடையோர் அச்சமின்றித் தங்கத்தக்க ஊர்களையும் விடுதிகளையும் தொகுத்துரைக்கும் பயணக் கையேடுகள் உலகெங்கும் உண்டு. அத்தகைய பட்டியல் ஒன்றில் யாழ்ப்பாணத்து விடுதி ஒன்று இடம்பெறுவதாகக் கொள்ளலாம். பேர்லினிலிருந்து வந்த இணையர் புன்னகையுடன் வரவேற்கப்படுகின்றனர். அவர்களுக்குச் சாவியைக் கொடுப்பவன் அவ்வூர் இளைஞன். அவனும் அத்தகைய இயல்பினன் ஆயின்? வந்தவர் மூன்று நாளில் சென்றுவிடுவர். அவன் மாலையில் தன் வீட்டுக்குச் செல்ல வேண்டும். அங்கு அவனுக்குப் பெண் பார்க்கின்றார்கள். விடுதியில் பிறர்க்குத் திறக்கும் கதவு வீட்டில் அவனுக்குத் திறவாது. பணமுடையோர்க்கு ஒரு நீதியும், பிள்ளைக்கு வேறு நீதியும் வழங்கும் ஊர் வரவேற்கும் ஊராகுமா? அது வாடகைக்கு விடும் ஊர் மட்டுமே.

இவ்விடத்தில் குறளின் மற்றோர் ஒழுங்கு பயன்படுகின்றது. இல்வாழ்வான் பேண வேண்டியோரைக் கூறுமிடத்து அந்நூல் முன்னோரையும் தெய்வத்தையும் அடுத்து விருந்தினரையும் ஒக்கலையும் அருகருகே வைத்து, இறுதியில் தன்னையும் சேர்த்தது. ஒக்கல் என்பது சுற்றம். விருந்தைப் பேணிச் சுற்றத்தைக் கைவிடுதலோ, சுற்றத்தைப் பேணி விருந்தைத் துரத்துதலோ இல்லறமாகாது என்பது அவ்வொழுங்கின் உட்கிடை எனலாம்.

புலம்பெயர்வு இவ்விரண்டையும் ஒருவரிடத்திலேயே சேர்த்துவிட்டது. கனடாவில் 2005 முதல் நாடு முழுவதும் தன்பாலினத்தோர் திருமணம் சட்டபூர்வமானது. கொக்குவிலில் பிறந்து ரொறொன்ரோவில் வளர்ந்து அங்கு மற்றோர் ஆணை மணந்த ஒருவர், நல்லூர்த் தேரைக் காண இணையருடன் வருகின்றார் எனக் கொள்ளலாம். அவர் விடுதிக்கு விருந்து, வீட்டுக்கு ஒக்கல். அம்மம்மா அவருக்குச் சோறு போடுவார். இணையரை 'தம்பியின்ர சிநேகிதன்' என்று அயலாருக்குச் சொல்வார். அச்சொல்லில் அன்பும் உண்டு, மறுப்பும் உண்டு. விடுதி அவர்களை இணையராக ஏற்க, வீடு நண்பராக மட்டும் ஏற்குமாயின், பணம் கொடுத்த இடத்தில் பெற்ற மதிப்பைப் பிறந்த இடத்தில் அவர் பெறவில்லை என்பதே பொருள்.

வெளியாரை வரவேற்பதால் உள்ளாருக்கும் நாளடைவில் வழி பிறக்கும் என்று சிலர் வாதிப்பர். அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆயின் வெளியாரை மட்டும் வரவேற்பது, இவ்வியல்பே வெளிநாட்டுச் சரக்கு என்ற தவறான எண்ணத்தை உறுதிப்படுத்தவும் கூடும். 2022இல் யாழ்ப்பாண நகர வீதியில் வானவில் கொடிகளுடன் நடந்தோர் பயணிகளல்லர், இம்மண்ணின் பிள்ளைகள். இந்தியாவில் 2018 செப்டெம்பர் 6ஆம் திகதி உயர்ந்த நீதிமன்றம் 377ஆம் பிரிவின் பிடியைத் தளர்த்தியபோது, வழக்காடியோருள் ஒருவர் கேசவ் சூரி என்னும் ஹோட்டல் நிறுவன இயக்குநர். பல்லாயிரம் பேருக்கு அறைக்கதவு திறந்தவர், தம் நாட்டுச் சட்டத்தின்முன் தாமே குற்றவாளியாய் நின்றார். விருந்தினருக்காக வாதிடுமுன் விருந்தோம்புபவருக்காகவே வாதிட வேண்டியிருந்தது என்பதை அவ்வழக்கு உணர்த்துகின்றது.

இவற்றால் எவரும் தம் சமய நம்பிக்கையைக் கைவிட வேண்டும் என்பது பெறப்படாது. தெருமூடிமடத்தைக் கட்டியோர் அதனூடாகச் செல்வோர் அனைவரின் வாழ்வையும் ஒப்புக்கொண்டு கட்டினார் அல்லர். வெயில் அனைவர்க்கும் ஒன்றே என்பதை அறிந்து கட்டினர். ஓர் ஊர் வரவேற்கும் ஊரா என்பதை விடுதியின் பெயர்ப்பலகையைக் கொண்டு அளத்தல் எளிது. அவ்வூரிலேயே பிறந்து, தான் யார் என்பதை மறைக்காது தன் வீட்டுத் திண்ணையில் அமர ஒரு பிள்ளைக்கு இயலுமா என்பதைக் கொண்டு அளத்தலே முறை. அத்திண்ணையில் அப்பிள்ளைக்கு இடம் உண்டாயின், தூரத்திலிருந்து வருவோர்க்கும் அங்கு இடம் உண்டு.