நிழலும் நீதியும்

அரபு நாடுகளில் பொருளீட்டித் திரும்பும் நம்மவர் முதலில் எண்ணுவது ஒரு வீட்டைப் பற்றியே. ஆண்டுக்கணக்கில் பட்ட பாடு செங்கல்லாகவும் சிமெண்டாகவும் எழுந்து நிற்பதைக் காண விழையாதார் யார்? அதில் குற்றமொன்றும் இல்லை. ஆனால் வீடு கட்டுதல் என்பது செலவுக் கணக்கோடு முடிந்துவிடும் காரியந்தானா? வெயில் எரிக்கும் நாட்டில் ஒருவர் எழுப்பும் சுவரின் வெம்மைக்கும் கூரையின் குளிர்ச்சிக்கும் அவர் அறத்தின் முன் பொறுப்பாளி ஆவாரா?

திருக்குர்ஆனின் 'அந்நஹ்ல்' அத்தியாயம் இறைவனின் அருட்கொடைகளை எண்ணிக் காட்டும்போது வீட்டையும் அவற்றுள் ஒன்றாகச் சேர்க்கிறது. அடுத்த வசனத்திலேயே நிழலையும், வெப்பத்தினின்று காக்கும் ஆடையையும் சேர்க்கிறது. வீட்டின் தன்மையைச் சொல்ல அங்கு வரும் சொல் 'ஸகன்'; அமைதி கொள்ளுமிடம் என்பது அதன் பொருள். உள்ளத்து அமைதியைக் குறிக்கும் 'ஸகீனத்' என்னும் சொல்லும் இதே வேரில் கிளைத்ததே. அப்படியானால், உள்ளிருப்போர்க்கு அமைதி தராத கட்டடம் எத்தனை மாடி உயர்ந்தாலும் வீடு என்னும் பெயருக்கு உரியதாகுமா?

பாலை நிலத்து மக்கள் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். தடித்த மண் சுவர் பகல் வெப்பத்தை உள்வாங்கி, அது உள்ளே புகுவதைப் பல மணி நேரம் தாமதப்படுத்தும். நடுவிலுள்ள முற்றத்தில் இரவின் குளிர்ந்த காற்று இறங்கித் தங்கும். ஈரானின் யஸ்து நகரில் கூரைக்கு மேலே உயர்ந்து நிற்கும் காற்றுக் கோபுரங்கள் மேலே வீசும் காற்றைப் பிடித்து அறைக்குள் இறக்கும். துபாயில் வேலை பார்த்தவர்கள் அல் பஹீதி பகுதியில் இத்தகைய கோபுரங்களைக் கண்டிருப்பார்கள். பாரசீகத்தின் பஸ்தக் பகுதியிலிருந்து வந்து குடியேறிய வணிகர்கள் எழுப்பியவை அவை. மின்சாரம் என்னும் பெயரே அறியாத காலத்தில் காற்றையும் நிழலையும் கொண்டே வெயிலை வென்றார்கள்.

கெய்ரோவின் பழைய வீடுகளில் மரச்சட்டங்களைக் கடைந்து பின்னிய பலகணிகள் உண்டு, 'மஷ்ரபிய்யா' என்பர். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு உள்ளிருப்போர் தெரியமாட்டார். காற்றோ தடையின்றி உள்ளே வரும். நம் வீடுகளில் கோஷாவின் பெயரால் சன்னலை அடைத்து, அடுப்பங்கரையைக் காற்றில்லாப் பெட்டியாக்கி, நாளெல்லாம் அங்கே நிற்கும் பெண்மக்களை வேகவிடுவது எந்த மார்க்கத்தின் கட்டளை? மறைப்பும் காற்றும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்குக் கெய்ரோவின் பலகணிகளே சான்று.

அவ்வறிவை இக்காலத்தில் மீட்க முயன்றவர் எகிப்தின் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹீ (1900–1989). லக்ஸருக்கு அருகே பழைய குர்னா கிராமத்து மக்கள் ஃபிர்அவ்ன்கள் காலத்துக் கல்லறைகளின் மேல் குடியிருந்தனர். அவர்களை வேறிடத்தில் குடியமர்த்த அரசு முடிவு செய்தது. புதிய ஊரைக் கட்டும் பொறுப்பை ஏற்ற ஃபத்ஹீ, 1945-இல் மண் செங்கல்லாலும், மரச்சாரமின்றியே எழுப்பப்படும் நூபிய வளைகூரையாலும் அதனைக் கட்டத் தொடங்கினார். எழிலும் குளிர்ச்சியும் பொருந்திய வீடுகள் எழுந்தன. ஆயினும் ஊரில் ஒரு பகுதியே முடிந்தது. மக்களோ அங்குக் குடிவர மறுத்தனர். கல்லறைப் பொருள்களால் வந்த வருவாயை இழக்க அவர்கள் விரும்பவில்லை என்பர். அடக்கத்தலங்களில் காணும் குவிமாடத்தின் கீழ் வாழ அவர்கள் மனம் ஒப்பவில்லை என்றும் கூறுவர். காரணம் எதுவாயினும் பாடம் ஒன்றே: குடியிருக்கப் போகிறவரின் உள்ளத்தை அறியாமல் தரும் நன்மையும் நன்மையாக நிலைப்பதில்லை.

இனி நம் கொங்கு நாட்டுக்கு வருவோம். திருப்பூர் பாலைவனம் அன்று. எனினும் மலைகளின் மறைவில் கிடக்கும் மழை குறைந்த நிலம். ஏப்ரல், மே மாதங்களில் வெயில் 40 பாகையை நெருங்கும் நாட்கள் உண்டு. தென்மேற்குப் பருவம் தொடங்கியதும் பாலக்காட்டுக் கணவாய் வழியே மேற்குக் காற்று பெருக்கெடுத்து வரும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வது அதனால்தான். மாலை வெயில் தாக்குவதும் அதே மேற்கிலிருந்தே. ஆகவே மேற்குச் சுவரை அடைத்தால் காற்று போயிற்று. திறந்தால் வெயில் புகும். ஆழமான தாழ்வாரம் ஒன்று இறக்கினால் இரண்டுக்கும் வழி பிறக்கும். நம் கொத்தனார்களின் முன்னோர் இதனை அறியாதவர்கள் அல்லர்.

உலகத்துக்குப் பனியன் தைத்து அனுப்பும் ஊர் இது. வெப்பத்தினின்று காக்கும் ஆடையை இறைவனின் அருட்கொடை என்று ஓதுகிறோம். அதனைத் தைப்பவர் எங்கே உறங்குகிறார் என்று கேட்டோமா? தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் வந்தவர்கள் லைன் வீடுகளில் வாழ்கிறார்கள். ஓர் அறை, ஒரு கதவு, தலைக்கு மேல் தகரமோ ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டோ. இரவு ஷிப்ட் முடித்துப் பகலில் கண்ணயர வருபவருக்கு அந்தக் கூரை அடுப்பாகிறது. வாடகை வாங்குவோரில் நம் சமுதாயத்தாரும் இருக்கின்றனர். அவர்கள் இல்லத்தில் ஏ.சி. ஓடும், வாடகை வீட்டிலோ ஷீட் காயும்.

ஏ.சி. வெப்பத்தை அழிப்பதில்லை என்பதையும் கருத வேண்டும். உள்ளிருக்கும் வெப்பத்தை வெளியே தள்ளுகிறது. தான் உண்ணும் மின்சாரத்தின் வெப்பத்தையும் அதனோடு கூட்டித் தள்ளுகிறது. குறுகிய சந்தில் அதனைப் பெறுபவர் அண்டை வீட்டார். பிறருக்குத் தீங்கு விளைவிக்கலாகாது என்னும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் நெறியை உஸ்மானியர் 19-ஆம் நூற்றாண்டில் தொகுத்த 'மஜல்லா' சட்டநூல் அடிப்படை விதிகளுள் ஒன்றாக வைத்தது. அண்டை வீட்டின் வெளிச்சத்தை முற்றிலும் அடைப்பதைப் பெருந்தீங்கு என்றது. காற்றைத் தடுப்பதை அவ்வாறு கொள்ளவில்லை. சட்டம் அங்கே நின்றுவிடுகிறது. ஆனால் அறமும் அங்கேயே நின்றுவிடுமா? காதியின் முன் நிறுத்த முடியாத தீங்குகளுக்கும் மறுமையில் கணக்கு உண்டென்று நம்புகிறவர்கள் அல்லவா நாம்?

முதியவரும் நோயாளியும் கைக்குழந்தையும் உள்ள வீட்டில் ஏ.சி. வேண்டாம் என்று எவரும் சொல்லமாட்டார். 2010 மே மாதத்து வெயில் அகமதாபாத்தில் எத்தனையோ உயிர்களைக் கொண்டுபோயிற்று. 2013-இல் அந்நகரம் வெப்பத்தை எதிர்கொள்ளத் தனித் திட்டமே வகுக்க நேர்ந்தது. முற்றம் வைக்க எல்லோரிடமும் நிலம் இல்லை என்பதும் உண்மையே. பழைமைக்குத் திரும்புக என்பதல்ல நம் வேண்டுகோள். இயந்திரத்தை நாடுமுன் நிழலையும் காற்றையும் நாடினோமா என்பதே கேள்வி. மொட்டை மாடிக்குத் தட்டோடு பதிக்கலாம். இயலாதவர் சுண்ணாம்பு அடிக்கலாம். அறைக்கு எதிரெதிராக இரு சன்னல் வைக்கலாம். மேற்கே ஒரு வேம்பு நடலாம். வாடகை வீட்டின் ஷீட்டிலும் வெள்ளை பூசி, அதன் கீழே தென்னங்கீற்றுப் பந்தலுக்கு ஒரு முழம் இடம் விடலாம். இவற்றுக்கு ஆகும் செலவு, நம்மில் பலர் வாசல் அலங்காரத்துக்குச் செய்வதினும் குறைவு.

அண்ணலாரின் துணைவியர் வாழ்ந்த அறைகள், சிறுவராயிருந்த ஹஸன் பஸரீ (ரஹ்) அவர்களின் கைக்கு எட்டும் உயரமே இருந்தன என்று அறிகிறோம். அமைதி அங்கே குடியிருந்தது உயரத்தால் அன்று. நம் நிழலில் நாம் மட்டும் இளைப்பாறாமல், நம்மை அண்டியவரும் நம்மிடம் குடியிருப்பவரும் இளைப்பாறும்போதே வீடு 'ஸகன்' ஆகிறது. அத்தகைய இல்லங்களை எழுப்ப வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக!