பொன் தேடும் கருவி, பொருள் தேடும் அறிவு

கோட்டை உள்ள ஊரிலெல்லாம் ஒரு கதை உண்டு. கொத்தளம் சரியும், கொலு மண்டபம் குலையும். அந்தக் கதை மட்டும் சரிவதுமில்லை, குலைவதுமில்லை! ஓடிய மன்னன் ஒளித்து வைத்தான், ஒளித்ததைப் பூதம் காக்கிறது, பூசை போட்டால் பூமி வாய் திறக்கும் என்பதே கதை. இராசகிரி, கிருட்டினகிரி, சந்திரகிரி எனும் மூன்று குன்றுகளை மதிலால் பிணைத்து நிற்கும் செஞ்சியும் இதற்கு விலக்கல்ல.

முன்பு அந்தக் கதையை நம்பியவன் மந்திரவாதியின் வாசலில் நின்றான். வெற்றிலையில் மை தடவினான், கோழியின் கழுத்தை அறுத்தான். இன்று அவன் பேரனின் கையில் இருப்பது உலோகம் கண்டறியும் கருவி. கம்பிச் சுருளில் மின்சாரம் பாய்கிறது; அதனால் எழும் காந்தப் புலம் மண்ணுக்குள் இறங்குகிறது; அங்கே உலோகம் கிடந்தால் அதில் ஒரு மின்னோட்டம் தூண்டப்படுகிறது; அதை உணர்ந்து கருவி ஒலி எழுப்புகிறது. மந்திரமில்லை, மாயமில்லை, எல்லாம் இயற்பியல்!

"மடமையை விட்டு அறிவியலைக் கைக்கொண்டவன்தானே அவன்? உரியவர் இல்லாத பொருளை எடுத்தால் யாருக்கு நட்டம்?" என்று நம் இளைஞரில் சிலர் கேட்கக்கூடும். கேட்கவேண்டிய கேள்விதான். கேள்வி கேட்பதைக் குற்றமென்று கருதாத நாம், விடை தேடுவோம்.

கருவி அறிவியலின் பிள்ளை; ஐயமில்லை. ஆனால் கருவியைப் பிடித்த கை பகுத்தறிவின் கையா? 2013ஆம் ஆண்டு அக்டோபரில், உத்தரப் பிரதேசத்து உன்னாவ் மாவட்டத்தில், தௌந்தியா கேரா எனும் ஊரில் நடந்ததை எண்ணிப் பாருங்கள். 1857 கிளர்ச்சிக்குப் பின் ஆங்கிலேயர் தூக்கிலிட்ட குறுநில மன்னர் ஒருவர், சாமியார் ஒருவரின் கனவில் தோன்றினாராம். இடிந்த கோட்டைக்கடியில் 1000 டன் பொன் கிடப்பதாகச் சொன்னாராம்! கனவு கண்டவர் சாமியார். கடப்பாரை எடுத்ததோ நடுவண் அரசின் தொல்லியல் துறை! நிலத்தைக் கருவி கொண்டு ஆராய்ந்த நிலவியல் துறை, அடியில் உலோகம் இருக்கலாம் என்று குறிப்புத் தந்தது. கூட்டம் கூடியது, கடைகள் முளைத்தன. பானை ஓடுகளும் வளையல் துண்டுகளும் ஆணிகளும் கிடைத்தன, பொன் கிடைக்கவில்லை. நவம்பரில் பணி நின்றது. கனவுக்குக் கருவி ஊழியம் செய்தால், கருவியும் மந்திரக்கோல் ஆகிவிடும். இதுவே அந்தக் குழி கற்பித்த பாடம்!

இனி, உரியவர் யார் என்ற வினா. செஞ்சியை ஆண்டவர் எத்தனை பேர்! நாயக்கர் ஆண்டனர். 1677இல் சிவாசி கைப்பற்றினார். 1690 முதல் 1698 வரை மொகலாயப் படை முற்றுகையிட்டு வென்றது. 1714இல் தேசிங்கு ஆர்க்காட்டு நவாபுடன் பொருது மாண்டான். 1750இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். 1761இல் ஆங்கிலேயர் பறித்தனர். வந்தவர் எல்லோரும் வாரிக்கொண்டு போனார்கள். புதுவைக் கடற்கரையில் காந்தியார் சிலையைச் சூழ்ந்து நிற்கும் கற்றூண்களும் செஞ்சியிலிருந்து சென்றவையே. "கொடி பிடித்தவன் கொண்டுபோனால் வெற்றி, கூலிக்காரன் எடுத்தால் திருட்டா?" என்று ஒருவன் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த நியாயம், மன்னன் செய்ததும் கொள்ளைதான் என்று மெய்ப்பிக்குமே தவிர, கொள்ளையை அறமாக்கிவிடாது.

சட்டம் என்ன சொல்கிறது? 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலைக் கண்டவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்கவேண்டும். வேறு உரியவர் இல்லையென்று முடிவானால், கண்டவருக்கு நான்கில் மூன்று பங்கு, நிலத்துக்காரருக்கு ஒரு பங்கு என்பது அதன் பொதுவிதி. மறைத்தால் பங்கும் போகும், சிறையும் வரும். 1958ஆம் ஆண்டுச் சட்டமோ, பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னப் பகுதியில் ஒப்புதலின்றித் தோண்டுவதையே தடுக்கிறது. செஞ்சி அத்தகைய இடம். 2025 சூலையில் யுனெசுகோவின் உலக மரபுச் சின்னங்களின் பட்டியலிலும் ஏறிய இடம்.

ஆனால் தோழர்களே, சட்டத்துக்கு அஞ்சி நிற்பது ஒழுக்கமாகாது. காவலாளி இல்லாத இரவிலும் செய்யக்கூடாததைச் செய்யாதிருக்கவேண்டுமானால், காரணம் நம் நெஞ்சுக்கு விளங்கவேண்டும். காரணம் இதுதான்: ரகசியமாகத் தோண்டுகிறவன் பொருளை மட்டும் எடுப்பதில்லை, அதன் பொருளையும் அழிக்கிறான்!

கருவி ஒலிக்கிறது, அவன் தோண்டுகிறான், துருப்பிடித்த ஆணி ஒன்று வருகிறது. சீ என்று வீசிவிட்டு அடுத்த இடம் செல்கிறான். அந்த ஆணி எந்த ஆழத்தில் கிடந்தது? பக்கத்தில் கரி இருந்ததா? எந்தப் பானையின் ஓடு அதன்மேல் கிடந்தது? இவை தெரிந்தால் அது சான்று. தெரியாவிட்டால் காயலான் கடைச் சரக்கு. தூத்துக்குடி மாவட்டச் சிவகளையை நோக்குங்கள். அங்கே இரும்புப் பொருள்கள் கிடந்த ஈமத்தாழியின் கரி ஆராயப்பட்டது. இரும்பின் காலம் கி.மு. 3345 வரை பின்னோக்கிச் செல்கிறது என்று தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2025 சனவரியில் அறிக்கை தந்தது. அறிஞர்கள் அதைப்பற்றி வாதிடட்டும், வாதிடுவதுதான் ஆராய்ச்சி. ஆனால் அந்தக் கரியைக் கலைத்துவிட்டு இரும்பை மட்டும் ஒருவன் எடுத்துப்போயிருந்தால், வாதிடக்கூட இடமேது?

இன்னொன்றையும் எண்ணுங்கள். மன்னனுக்குக் கல்வெட்டு உண்டு, மெய்க்கீர்த்தி உண்டு, பாடிப் பரிசில் பெறப் புலவன் உண்டு. இராசகிரியின் உச்சிக்குக் கல் சுமந்தவனுக்கு என்ன உண்டு? களஞ்சியத்துக்கு நெல் சுமந்தவளின் பெயரை எந்தச் செப்பேடு சொல்லும்? அவர்கள் விட்டுச்சென்றவை உடைந்த உளி, தேய்ந்த காசு, அறுந்த கொக்கி, பானை ஓடு. கீழடியில் ஆதன் என்ற பெயரை நமக்குத் தந்தது பொற்றகடு அல்ல, பானை ஓடு! பொன்னைத் தேடுபவன் எதைக் குப்பையென்று எறிகிறானோ, அதுவே பேசாத மக்களின் வாய்மொழி. ஆகவே அவன் பறிப்பது செத்துப்போன மன்னனின் கருவூலத்தை அல்ல. எழுதப்படாத ஏழையின் வரலாற்றை!

அப்படியானால் கருவியை உடைத்தெறிவோமா? வேண்டாம். அமெரிக்காவில் லிட்டில் பிக்கார்ன் எனும் போர்க்களம் உண்டு. 1876இல் அங்கே பழங்குடி மக்கள் கச்டரின் படையை முறியடித்தனர். 1984இல் ஆய்வாளர்கள் இதே கருவியைத் தாங்கித் தொண்டர்களுடன் களத்தில் வரிசையாக நடந்தனர். ஒவ்வொரு குண்டும் தோட்டாக் கூடும் கிடந்த இடத்தைக் குறித்தனர். எந்தத் துப்பாக்கி எங்கிருந்து எங்கே நகர்ந்தது என்பதே தெளிவாயிற்று; பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாய்ச் சொல்லிவந்த பலவற்றுக்குச் சான்று கிடைத்தது. பிரிட்டனில் பொழுதுபோக்காகத் தேடுவோர் தாம் கண்டதைப் பதிவுசெய்ய 1997 முதல் ஓர் ஏற்பாடு இருக்கிறது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்கள் பதிவாகியுள்ளன. அதே கருவி, அதே ஒலி! ஒருவன் குறிப்பேட்டைத் திறக்கிறான், மற்றவன் கோணிப்பையைத் திறக்கிறான். வேறுபாடு அங்கேதான்.

எட்டாண்டு முற்றுகை கண்ட செஞ்சி மண்ணும் இப்படிப் பேசக்கூடும். எந்த வாயிலில் போர் கடுத்தது, எங்கே சிப்பாய் ஒதுங்கினான், என்ன உண்டான் என்று சொல்லக்கூடும். அதுவரை கலைக்காமல் காப்பது நம் கடமை. "அரசு அசட்டையாக இருக்கிறதே!" எனின், அதைத் தட்டிக் கேட்போம், காவலும் ஆய்வும் அருங்காட்சியகமும் வேண்டுமென்று குரல் எழுப்புவோம். "பசிக்கிறதே!" எனின், பசிக்கு மருந்து வேலை, பாழுங்குழியல்ல. உழும்போதோ கடைக்கால் தோண்டும்போதோ எதுவேனும் கிட்டினால், கிடந்தபடியே விட்டு அதிகாரிக்கு அறிவிக்கச் சொல்லி ஊராருக்கு எடுத்துரைப்போம்.

பூதம் காக்கிறது என்ற நம்பிக்கை ஒழியட்டும். ஆனால் பூதம் போன இடம் காவலற்றுக் கிடக்கலாகாது. அங்கே அறிவுடைய மக்கள் காவல் நிற்கவேண்டும்.